சரிக் குறி போட்டால் தவறு என்று அர்த்தம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜப்பானில் ஒரு சிறு நகரத்துப் பள்ளிகளில் நான்கு ஆண்டுகள் உதவி ஆங்கில ஆசிரியராக இருந்ததைப் பற்றி முன்பு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒரே பொருளைச் சுற்றி வந்தவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பள்ளி முதல் கல்லூரி வரை ஆங்கில வழியில் படித்தவன் நான், ஆனால் தாய்மொழி தமிழ். ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க என்னைப் போன்றவர்களை ஏற்றுக்கொள்வார்களா?

பதில்: சட்டம் உங்களுக்கு எதிராக இல்லை. பள்ளிகளில் கற்பிப்பவர்களுக்கான வசிப்புத் தகுதிக்கு, அதாவது விசா வகைக்கு, அங்கே 'கல்வி' என்றே பெயர். உரிமம் பெற்ற ஆசிரியராக அல்லாமல் உதவியாசிரியராக வருபவர், எந்த மொழியைக் கற்பிக்கப் போகிறாரோ அந்த மொழியின் வழியாக 12 ஆண்டுகளாவது படித்திருக்க வேண்டும் என்று அந்த விதி கேட்கிறது. அது அவருடைய தாய்மொழியா என்று கேட்பதில்லை. ஆகவே பயிற்றுமொழி ஆங்கிலம் என்று காட்டும் சான்றிதழைப் பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியார் உரையாடல் பள்ளிகள் வேறொரு வசிப்புத் தகுதியின் கீழ் ஆளெடுக்கின்றன. அதற்குப் பட்டமே முதன்மையானது. வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு உதவியாசிரியர்களாக அழைக்க 1987 ஆம் ஆண்டு தொடங்கிய அரசின் ஜெட் திட்டத்துக்கும் பட்டம் கட்டாயம். அதில் ஒப்பந்தம் ஓராண்டுக்கானது, புதுப்பித்துக்கொண்டே போனாலும் மொத்தம் 5 ஆண்டுகளுக்கு மேல் நீள்வதில்லை. எந்த நாட்டிலிருந்து எந்தப் பணிக்கு ஆள் கேட்கிறார்கள் என்பதைத் தூதரகத்தின் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்வதே சரி. சட்டம் கேட்காததை விளம்பரங்கள் கேட்பதுண்டு. 'தாய்மொழியினர் மட்டும்' என்று போட்டிருப்பவர்களுக்கும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். எனக்குக் கிடைத்த முதல் வேலை அப்படி எழுதிப் பார்த்ததில் கிடைத்ததுதான்.

கேள்வி: அங்கே போவதற்கு முன் அந்நாட்டுப் பண்பாட்டைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். படித்தும் தெரியாமல் போனது எது?

பதில்: சரிக் குறி.

நடுநிலைப் பள்ளி முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு, அதாவது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு, பத்துச் சொற்களில் ஒரு சிறு தேர்வு வைத்தேன். விடைத்தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய், எனக்கு ஆசிரியர்கள் திருத்தியது போலவே திருத்தினேன்: சரியான விடைக்குச் சிவப்பில் ஒரு சரிக் குறி, எழுத்துப் பிழை இருந்தால் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். மதிப்பெண்ணை வகுப்பிலேயே எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் தாள்களைக் கொடுத்ததும், பத்தும் சரியாக எழுதியிருந்த பெண் தாளை ஒரு கணம் பார்த்துவிட்டு முகம் சிவந்து, அதைக் கவிழ்த்து வைத்து மேலே பென்சில் பெட்டியை வைத்தாள். இரண்டே சொற்களைச் சரியாக எழுதியிருந்த பையன் தன் தாளைப் பின் வரிசைக்குத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். என்னுடன் வகுப்பில் நின்ற ஜப்பானிய ஆசிரியை ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். பற்களுக்கிடையே மூச்சை உள்ளே இழுத்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள். அதற்கு 'மாரு' என்று பெயர். நாம் சரி என்று போடும் குறி அங்கே தவறான விடைக்கு உரியது. நான் ஒரு வகுப்பு முழுவதையும் தலைகீழாகத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். அன்று உணவு இடைவேளைக்குப் பின் வெள்ளைத் திருத்த நாடாவுடன் உட்கார்ந்து எல்லாத் தாள்களையும் மாற்றினேன். முகம் சிவந்த பெண் மேசைக்கருகில் வந்து நின்று, 'ஹனாமாரு' போடத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றதும் சாக்பீஸை எடுத்து, நடுவில் தொடங்கிச் சுருள் சுருளாக வெளியே வந்து, விளிம்பில் இதழ்கள் வரைந்து மூடினாள். மிக நன்றாகச் செய்ததற்கு ஆசிரியர் போடும் பூ வட்டம் அது. அவளுடைய தாளில் நான் போட்ட முதல் ஹனாமாரு முட்டைக்கோசு போல இருந்தது என்று வகுப்பே ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

பண்பாட்டைப் பற்றி நான் படித்துப் போன நூல்கள் தேநீர்ச் சடங்கையும் தோட்டக் கலையையும் விளக்கின. சிவப்புப் பேனாவை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. பேனாவைப் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: மாணவரின் பெயரைச் சிவப்பு மையில் எழுதாதீர்கள். இன்னும் உயிரோடு இருப்பவரின் பெயரைக் குடும்பக் கல்லறைக் கல்லில் முன்கூட்டியே பொறித்து, அந்த எழுத்துகளில் சிவப்பு நிரப்பி வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. அதனால்தான் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள்.

கேள்வி: என் மகள் அங்கே கற்பிக்கிறாள். கேள்வி கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடுகிறது, பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை என்று தொலைபேசியில் வருந்துகிறாள். ஜப்பானியர் இயல்பாகவே கூச்சம் உள்ளவர்களா?

பதில்: உங்கள் மகளைப் பள்ளியின் விளையாட்டு விழாவைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் வாய் திறக்காத அதே பிள்ளைகள் தங்கள் அணிக்காகத் தொண்டை கட்டும் வரை கத்துவதைப் பார்த்தால், கூச்சம் என்ற விளக்கம் அவருக்கே போதாது என்று தோன்றிவிடும்.

நான் கவனித்த வரையில், அந்த மௌனத்துக்குள் நிறைய வேலை நடக்கிறது. ஒரு மாணவனைப் பெயர் சொல்லி எழுப்பினால், அவன் முதலில் 'ஏத்தோ' என்று இழுப்பான். நாம் 'அது வந்து' என்று இழுப்பதற்கு இணையான சொல் அது. பிறகு இடப்பக்கம் இருப்பவனைப் பார்ப்பான், வலப்பக்கம் இருப்பவனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்பான், இருவரும் ஒப்புக்கொண்டதும் நிமிர்ந்து விடையைச் சொல்வான். காப்பியடிக்கிறான் என்று எண்ணி முதல் மாதம் நான் அதட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது பேர் முன்னிலையில் தனியாகத் தவறு செய்வதுதான் அவர்களுக்குக் கடினமே தவிர, தவறு செய்வது அல்ல என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று. கேள்வியைக் கேட்டபின், பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பிறகு விடை கேட்டால், கைகள் உயர்கின்றன. யாரும் முன்வராதபோது 'ஜன்கென்' போடச் சொன்னால் போதும். கல், காகிதம், கத்தரிக்கோல் என்று கை நீட்டும் அந்த விளையாட்டில் தோற்றவர் எந்த மறுப்பும் இல்லாமல் எழுந்து பேசுவார், ஏனென்றால் அவரைத் தனியே பிரித்து நிறுத்தியது ஆசிரியர் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பதினைந்து வயதில் அவர்கள் எழுதும் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு பெரும்பாலும் படிப்பது, எழுதுவது, கேட்பது ஆகியவற்றையே சோதிக்கிறது. தேர்வில் இல்லாத ஒன்றுக்காக வகுப்பில் துணிந்து நாக்குழற மாணவருக்கு என்ன அவசரம்? 2011 இல் தொடக்கப் பள்ளியின் 5, 6 ஆம் வகுப்புகளில் மொழி விளையாட்டு போல அறிமுகமான ஆங்கிலம், 2020 இல் அவ்வகுப்புகளுக்கு முறையான பாடமாகி, விளையாட்டு 3, 4 ஆம் வகுப்புகளுக்கு இறங்கியது. சிறு பிள்ளைகளின் வகுப்பில் உங்கள் மகளுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் விடக்கூடாது. அங்கே மௌனம் வேண்டும் என்று அவரே கெஞ்ச வேண்டியிருக்கும்.

கேள்வி: தமிழ் தெரிந்திருப்பது ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க உதவுமா, அல்லது இடைஞ்சலா? இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உறவைப் பற்றி முதலில் சுருக்கமாக. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ அப்படி ஒரு கருத்தை வலியுறுத்தி எழுதினார்; மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கை நான் இங்கே நடத்தப் போவதில்லை. ஆனால் உறவு இல்லாமலே இரண்டு வீடுகளின் அறை அமைப்பு ஒன்றாக இருக்க முடியும் அல்லவா? அதனால் எனக்கு விளைந்த நன்மை கொஞ்சமல்ல.

'திஸ்', 'தட்' நடத்தும்போது ஒரு பையன் எழுந்தான். என் கையில் இருந்த பேனாவைக் காட்டி அதுவும் 'தட்' தானா என்றான், ஆம் என்றேன். சன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைக் காட்டி அதுவுமா என்றான், ஆம் என்றேன். அவன் முகத்தில் திருப்தியே இல்லை. ஜப்பானிய மொழியில் பேசுபவர் அருகில் இருப்பது 'கொரே', கேட்பவர் அருகில் இருப்பது 'சொரே', இருவருக்கும் எட்டத்தில் இருப்பது 'அரே', எது என்று கேட்பது 'தொரே'. என் கையில் இருக்கும் பேனாவையும் ஊருக்கு அப்பால் நிற்கும் மலையையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழி அவனுக்கு அலட்சியமான மொழியாகப் பட்டிருக்கிறது. இது, உது, அது, எது என்ற வரிசையை வைத்திருக்கும் மொழியில் பிறந்த எனக்கு அவனுடைய குறை நொடியில் விளங்கியது. 'உது' யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம்மில் மற்றவர்கள்தான் தொலைத்துவிட்டோம். என் மொழியிலும் மூன்று உண்டு, ஆங்கிலத்துக்கு இரண்டுதான் வாய்த்தது, பாவம் என்று அவனிடம் சொன்னபோது, அவன் ஆங்கிலத்தை மன்னித்துவிட்டான் என்றே நினைக்கிறேன்.

பாடநூலில் ஒரு படத்தைக் காட்டி 'பிரதர்' என்று சொன்னால், அண்ணனா தம்பியா என்ற கேள்வி உடனே எழும், ஏனென்றால் 'அனி', 'ஒதோதோ' என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அவர்களால் அதை மொழிபெயர்க்கவே முடியாது. எதிர்மறைக் கேள்வியும் இப்படித்தான். நாய் பிடிக்காதா என்று ஆங்கிலத்தில் கேட்டால், பிடிக்காத பிள்ளை 'எஸ்' என்றே சொல்லும். 'ஆமாம், பிடிக்காது' என்பது நமக்கும் இயல்பான விடைதானே. இதைப் பிழை என்று அடித்துவிட்டுப் போகும் ஆசிரியருக்குப் பிழை மட்டுமே தெரியும். அந்தப் பிள்ளை கேள்வியில் உள்ள கூற்றை ஒப்புக்கொள்கிறது, ஆங்கிலமோ செய்தி உண்டா இல்லையா என்று பார்க்கிறது என்று விளக்கிச் சொல்ல, அதே பிழையை ஒரு காலத்தில் செய்தவரால் முடியும்.

தமிழ் கை கொடுக்காத இடம், ஆங்கிலத்திலிருந்து அவர்கள் எடுத்துத் தம் வசதிக்கு மாற்றிக்கொண்ட சொற்கள். நான் 'மேன்ஷனில்' குடியிருக்கிறேனா என்று ஒரு மாணவன் கேட்டான். உதவியாசிரியரின் சம்பளத்தில் மாளிகையா என்று சிரித்தேன். அவன் குழம்பிப்போனான், ஏனென்றால் நான் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வருவதை அவன் தினமும் பார்ப்பவன். 'மன்ஷோன்' என்றால் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. தேர்வில் காப்பியடிப்பது 'கன்னிங்கு'. வேண்டியதை எடுத்துச் சாப்பிடும் விருந்து 'பைகிங்கு'. சுவரில் உள்ள மின் இணைப்புத் துளை 'கொன்சென்தோ'. இவற்றைத் திருத்தப் புறப்படுவதற்கு முன், ஜப்பானியச் சொற்களாகவே பட்டியலிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். என் குறிப்பேட்டில் அதிகம் புரட்டப்பட்ட பக்கங்கள் அவைதான்.

கேள்வி: நான் சைவ உணவுக்காரி. பள்ளி நாளில் உணவுக்கு என்ன செய்வது?

பதில்: பணியில் சேரும் முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டு, உங்கள் உணவை நீங்களே கொண்டுபோங்கள். பள்ளியில் பரிமாறும், காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பில்கூடச் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும். 'மீன் இல்லை' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, துண்டு மீன் இல்லை என்கிறார். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வீட்டுச் சாப்பாடு கொண்டுவருவது வழக்கம் என்பதால், நீங்கள் தனிப் பெட்டியைத் திறப்பதை யாரும் வேற்றுமையாகப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பெட்டியைத் தயவுசெய்து ஆசிரியர் அறையில் தனியாகத் திறக்காதீர்கள், வகுப்பறைக்குக் கொண்டுபோங்கள். 1954 இல் இயற்றப்பட்ட பள்ளி உணவுச் சட்டம் அந்த உணவைக் கல்வியின் ஒரு பகுதியாகவே கருதுகிறது. அன்றைய முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் முகக் கவசமும் அணிந்து, பாத்திரங்களைத் தள்ளிக்கொண்டு வந்து, தங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத் தாங்களே பரிமாறுவார்கள். எல்லாருக்கும் தட்டு வந்தபின், ஒரே குரலில் 'இதாதாகிமாஸு' என்று சொன்ன பிறகுதான் முதல் கவளம். 200 மில்லி லிட்டர் பால் பெட்டியைக் குடித்து முடித்து, பிரித்து, தட்டையாக்கி அடுக்குவதற்கு ஒரு முறை உண்டு. அதை எனக்குக் கற்பித்த இரண்டாம் வகுப்புச் சிறுவன், நான் மூன்றாவது முறையும் பாலைச் சிந்தியபோது, என் கையிலிருந்து பெட்டியை மிக மரியாதையாக வாங்கிக்கொண்டான்.

உணவுக்குப் பின் துடைப்பம். பிள்ளைகளே வகுப்பறையையும் நடைக்கூடத்தையும் கழிப்பறையையும் துப்புரவு செய்வார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அதற்குக் கால் மணி நேரம் அல்லது இருபது நிமிடம். உதவியாசிரியர் ஒதுங்கி நின்றாலும் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஈரத் துணியோடு தரையில் குனிந்து ஓடும் வரிசையில் நானும் சேர்ந்துகொண்ட நாளிலிருந்துதான், பிள்ளைகள் பாடநூலில் இல்லாத சொற்களை எனக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார்கள்.

கேள்வி: பெற்றோர் முன்னிலையில் ஆங்கில நாடகம் போடலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் யோசனை சொன்னேன். எல்லாரும் தலையசைத்தார்கள், துணைத் தலைமையாசிரியர் 'ஆலோசிக்கிறோம்' என்றார். இரண்டு மாதமாகியும் பேச்சே இல்லை. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை, மறுத்துவிட்டார்கள். உங்களுக்குத்தான் கேட்கவில்லை. முகத்துக்கு நேரே 'முடியாது' என்ற சொல் அந்த அறையில் அரிதாகவே ஒலிக்கும். 'ஆலோசிக்கிறோம்', 'கொஞ்சம் கடினம்', அல்லது 'கொஞ்சம்...' என்று தொடங்கி முடிக்காமல் விடப்பட்ட வாக்கியம், இவை எல்லாம் அந்த ஒரே சொல்லின் உருவங்கள்.

தவறு யோசனையில் அல்ல, அதை முதன்முதலாகக் கூட்டத்தில் சொன்னதில் இருக்கிறது. 'நேமாவாஷி' என்று ஒரு சொல் உண்டு, தோட்டக்காரர்களிடமிருந்து வந்தது. வளர்ந்த மரத்தை இடம் மாற்றுவதற்கு வெகு நாள் முன்பே அதன் வேரைச் சுற்றித் தோண்டி, நீண்ட வேர்களை வெட்டிப் புது வேர் விடச் செய்து, மரத்தைப் பெயர்ப்புக்குத் தயாராக்கும் வேலைக்கு அந்தப் பெயர். அலுவலகங்களில், கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசி இசைவு வாங்கி வைப்பதைக் குறிக்கிறது. கூட்டம் என்பது ஏற்கெனவே முடிவானதை எல்லாரும் சேர்ந்து கேட்டுக்கொள்ளும் இடம். நீங்கள் வேரைத் தோண்டாமல் மரத்தை இழுத்தீர்கள். இந்த முறை எனக்கும் பிடித்தமானதென்று சொல்ல மாட்டேன்; நல்ல யோசனைகள் பல அதில் மெல்லச் செத்துப்போவதையும் பார்த்திருக்கிறேன். ஆயினும் ஒருமுறை வேர் பிடித்த திட்டத்தை யாரும் பிறகு கவிழ்ப்பதில்லை என்ற நன்மையும் அதற்கு உண்டு.

இப்போது செய்யக்கூடியது: உங்களோடு வகுப்பெடுக்கும் ஆசிரியரிடம் முதலில் பேசுங்கள். அவர் வழியாக, அந்த வகுப்பு நிலைக்குரிய பொறுப்பாசிரியரிடம் போங்கள். கடைசியாகத் துணைத் தலைமையாசிரியர். ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்கும்; மார்ச் முடிவில் இடமாற்றப் பட்டியல் வந்து பாதி அறை மாறிவிடலாம் என்பதால், புது முகங்கள் வந்து நிலைபெற்ற பிறகு மே மாதத்தில் தொடங்குங்கள். பயணம் போய் வந்தால் ஆளுக்கொன்றாகத் தனித்தனியே உறையிட்ட இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து ஒவ்வொரு மேசையிலும் வையுங்கள். இதை லஞ்சம் என்று எண்ண வேண்டாம். நீங்கள் இல்லாத நாளில் உங்கள் வேலையைப் பார்த்தவர்களுக்குச் சொல்லும் நன்றி.

கேள்வி: ஜப்பானில் முதன்முதலில் ஆங்கிலம் கற்பித்த வெளிநாட்டவர் யார்?

பதில்: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் ஆசிரியர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ரானல்ட் மக்டொனால்ட். தந்தை ஸ்காட்லாந்துக்காரர், தாய் வட அமெரிக்காவின் சினூக் பழங்குடிப் பெண். வெளியார் நுழையத் தடை இருந்த காலத்தில், 1848 இல், திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து சிறு படகில் தனியே இறங்கி, வடக்கே ரிஷிரித் தீவில் வேண்டுமென்றே கரையேறினார். அவரைப் பிடித்து நாகசாகிக்குக் கொண்டுபோய் அடைத்து வைத்தார்கள். டச்சு மொழி அறிந்திருந்த அரசு மொழிபெயர்ப்பாளர்கள் 14 பேர், மரக் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவரிடம் ஆங்கிலம் கற்றார்கள். அவர்களில் ஒருவரான மொரியாமா எய்னோசுகே, 1854 இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியுடன் நடந்த பேச்சுவார்த்தையில் மொழிபெயர்த்தார். 'எல்' ஒலி அவர்களுக்கு வராமல் 'ஆர்' ஆகிவிடுகிறது என்பதைக் கவனித்து எழுதிவைத்த மக்டொனால்ட், அந்தச் சிறையில் தானும் அவர்களிடமிருந்து ஜப்பானியச் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்.

கேள்வி: அடுத்த மாதம் புறப்படுகிறேன். பெட்டியில் மறக்காமல் வைக்க வேண்டிய ஒன்று?

பதில்: தெருவில் ஒருமுறையும் மிதிக்காத ஒரு சோடிக் காலணி. பள்ளி வாசலிலேயே வெளிக் காலணியைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு, உள்ளே அணிவதற்கென்றே உள்ள காலணிக்கு மாற வேண்டும். உங்கள் பாதம் பெரிதாக இருந்தால் சிறு நகரத்துக் கடையில் அளவு கிடைக்காது. விருந்தினருக்கென்று வாசலில் வைத்திருக்கும் செருப்பில் குதிகால் பாதி வெளியே தொங்க, முதல் நாள் உரையை மேடையில் நின்று பேச நேரிடும். நான் பேசினேன்.